பான்ஃபயர் குட்டைப் பீச்: இலைக்காக வாங்கலாம், பழத்துக்காக வேண்டாம்

அமெரிக்க நர்சரிகளில் ‘பேட்டியோ பீச்’ (முற்றத்தில் தொட்டியில் வளர்க்கும் பீச்) என்ற சீட்டோடு நிற்கும் குட்டை மரங்களில், அழகுக்கென்றே வைக்கத் தகுந்தது பான்ஃபயர். 1990களின் தொடக்கத்தில் ஆர்கன்சா பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். வசந்தத்தில் இலைக்கு முன்பே இளஞ்சிவப்பு அடுக்குப் பூ கிளையை மூடிவிடும். பின்னால் வரும் இலை மாந்தளிர்போல நீண்டு தொங்கும். மற்றச் செவ்விலைப் பீச் ரகங்கள் பலவும் கோடையில் பச்சைக்குத் திரும்பிவிடும். இது இலை உதிரும்வரை கருஞ்சிவப்பைத் தக்கவைக்கும். அந்த ஒன்றுக்காகவே வாங்கலாம். உயரம் 5 முதல் 6 அடி.

பழமும் காய்க்கும். ஆனால் சிறியது, சுவை சுமார், ஜாமுக்குப் போடலாம். தின்ன நல்ல பழம் வேண்டுமானால் பொனான்சா போன்ற குட்டை ரகத்துக்குப் போங்கள். அதற்கு இலை பச்சை. ஒரே மரத்தில் இரண்டையும் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்த மரம் குட்டையாக இருப்பது ஒட்டின் அடிச்செடியால் (வேரைத் தரும் கீழ்ச்செடியால்) அன்று, அதன் மரபணுவால். கணுக்களுக்கு நடுவே இடைவெளி மிகக் குறைவு, அதனால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும். அழகும் அதில்தான், தொல்லையும் அதில்தான். உள்ளே வெயிலும் காற்றும் நுழையாமல் ஈரம் தங்கும், உட்கிளைகள் காய்ந்துபோகும். ஆகவே கவாத்து என்றால் நுனிகளை வெட்டி உருண்டையாக்குவது என்று நினைத்துவிடாதீர்கள். நுனியை வெட்டினால் வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்த்து நெருக்கம் இன்னும் கூடும். உள்நோக்கி வளர்ந்தவை, குறுக்கே உரசுபவை என நாலில் ஒரு கிளையை அடியோடு எடுங்கள். பீச் பூப்பது போன ஆண்டுக் கிளையில். அதனால் பூ உதிர்ந்தவுடன், மழையில்லாத நாளில் வெட்டுவது நல்லது.

வாங்கும்போது ஒட்டுப் பகுதியைப் பாருங்கள். வெடிப்பும் பிசினும் இல்லாமல் கூடியிருக்க வேண்டும். வேரில் முண்டு தெரிந்தால் எடுக்காதீர்கள். ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிர் பெரும்பாலும் பச்சையாக இருக்கும். இந்த ரகத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம் என்பது ஒரு வசதி. கண்டவுடன் பிய்த்துவிடுங்கள், விட்டால் அது மேலே ஏறி மரத்தையே விழுங்கிவிடும்.

தொட்டிக்கு 45 முதல் 60 செ.மீ. வாய் அகலம் போதும், அடியில் நாலைந்து துளை அவசியம். தோட்ட மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் இறுகி வேர் அழுகும். இரண்டு பங்கு பைன் பட்டைத் தூள், ஒரு பங்கு கோகோ பீட், ஒரு பங்கு பெர்லைட் (இலேசான வெள்ளை எரிமலைக் குறுணை) என்ற கலவை நன்றாக வடியும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் நிற்கட்டும். நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில் வேண்டும். நிழலில் சிவப்பு மங்கும். உரம் வசந்தத்தில் அளவோடு, ஜூலைக்குப் பிறகு வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் மென்தளிர் பெருகி அசுவினிக்கு விருந்தாகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை, குளிர்கால உறக்கத்தில், சுற்று வேரைச் சீவிப் புதுக் கலவையில் வையுங்கள்.

உண்மையான எதிரி இலைச்சுருட்டு நோய். டாஃப்ரினா என்ற பூஞ்சணத்தின் வித்துகள் பட்டையிலும் மொட்டுச் செதிலிலும் குளிர்காலத்தைக் கழித்து, மொட்டு விரியும் நாட்களில் மழைநீரோடு இளந்தளிரில் இறங்கும். இலை தடித்துக் கொப்புளித்த பிறகு எந்த மருந்தும் பயன் தராது. இலை முழுவதும் உதிர்ந்தவுடன் ஒருமுறை, மொட்டு வீங்கும் முன் ஒருமுறை தாமிர மருந்தைக் கிளை நனைய அடிக்க வேண்டும். பச்சை இலையில் நோயின் சிவப்பு உடனே கண்ணில் படும். செவ்விலையில் நிறத்தை நம்ப முடியாது. தளிரை விரலால் தடவித் தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டி மரத்துக்கு மருந்தைவிட நல்ல வழி உண்டு: டிசம்பர் கடைசியிலிருந்து இலை நன்றாக விரியும்வரை கூரை இறவாரத்தின் கீழ், மழை படாமல் நிறுத்துவது. உறைபனி இரவுக்கும் அது உதவும். முழுப் பூவில் இருக்கும்போது வெப்பநிலை மைனஸ் 3 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பூ கருகத் தொடங்கும், மைனஸ் 4.4இல் ஏறக்குறைய எல்லாம் போய்விடும்.

அடிமரத்தில் பிசினோடு மரத்தூள் கலந்து வழிந்தால் தண்டு துளைப்பான் புகுந்துவிட்டது என்று பொருள். மண்ணை விலக்கி, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுக்க வேண்டும். தெளிந்த பிசின் மட்டும் வந்தால் காயமோ நீர்த் தேக்கமோ காரணமாக இருக்கலாம். முதலில் வடிகாலைச் சரிபாருங்கள்.

ஊருக்கு எடுத்துப்போய்ச் சென்னை மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். குளிர்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே கிடக்காமல் பீச் மொட்டு ஒழுங்காக விழிக்காது.