நூலக வாசலுக்கு வந்த வள்ளுவர்

எங்கள் கல்லூரி நூலகத்தின் முன்னால் திறந்த வெளியில் நிறுவுவதற்கான 6 அடிக் கருங்கல் வள்ளுவரை, மதுரைக்கு வெளியே உள்ள ஒரு சிற்பக்கூடத்தில் செய்வித்தோம். உளியால் தட்டும்போது மணிபோல ஒலிப்பதே ஆண் உருவங்கள் வடிக்க ஏற்ற ‘ஆண்கல்’ என்று விளக்கிய ஸ்தபதி, எங்களையும் காது கொடுத்துக் கேட்கச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்கினார். விரல் நகம் வரை வேலைப்பாடு நேர்த்தி. பீடம்தான் கோளாறு: ‘கற்க்க கசடற’ என்று பொறித்து அனுப்பிவிட்டார்கள் (அதுவும் நூலக வாசலுக்கு!). பலகையை இலவசமாக மாற்றித் தந்தாலும், லாரி வாடகை எங்கள் தலையில் விழுந்தது.

கன்னியாகுமரியில் அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு 38 அடிப் பீடமும், மற்ற இரு பால்களின் 95 அதிகாரங்களுக்கு 95 அடிச் சிலையுமாக வடித்தவர் கணபதி ஸ்தபதி என்பதை ஊரறியும். எங்கள் சிலையிலோ திறந்துவைத்தவர் பெயர் மட்டுமே இருந்தது. வற்புறுத்திய பின், பின்புறம் ஓர் அங்குல எழுத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார் ஸ்தபதி.