டேங்குக்கு அடியில் ஒரு ஏர் ஃபில்டர்: நான்கு ஆண்டுகள், 41,000 கிலோமீட்டர், ஒரு காட்டுத்தீ

நான் ஓட்டும் இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளைத் தானும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் வண்டியின் டேங்க் கழற்றப்பட்டுத் தரையில் விரித்த போர்வையின் மேல் கிடந்தது. என் கையில், எஞ்சினுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் சாம்பல் அப்பியபடி இருந்தது. குதிரைத்திறன், எடை, இருக்கை உயரம் ஆகியவை அவருக்கு ஏற்கெனவே தெரியும். எனவே அந்த ஃபில்டரைப் பற்றியே எழுதுகிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நானும் இன்னொரு நண்பரும் மலைப்பாதையில் ஏறினோம். பாதி வழியில் கருகிய வாடை வந்தபோது என் கிளட்ச் தகடுதான் தேய்கிறது என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். அடுத்த வளைவில் சூரியன் செம்புத் தட்டைப் போலத் தெரிந்த பிறகுதான் எதிர்ச் சரிவில் காடு எரிவது புரிந்தது. சிறிது நேரத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பி, டேங்கின் மேல் சாம்பல் உதிரத் தொடங்கியது. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ வேகம் பிடிக்கும் என்பதும், காற்றில் பறக்கும் கங்குகள் தீயின் முனைக்கு வெகு முன்னால் விழுந்து புதிதாகப் பற்றவைக்கும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். பயணத்தைத் தொடரலாமா என்ற பேச்சே எழவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் வண்டி நடந்துகொண்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். குறுகிய சாலையில், ஒரு பக்கம் பள்ளம் இருக்க, காலை ஒரு முறைகூட ஊன்றாமல் ஒரே வட்டத்தில் திரும்பியது. ஹை பீமைப் போட்டால் ஒளி புகையில் பட்டுச் சிதறி வெள்ளைச் சுவராகக் கண்முன் நின்றது; லோ பீமுக்கு மாற்றியதும் சாலையோரக் கோடு தெரிந்தது. இரண்டாம் கியரில், கிளட்சைத் தொடாமல், இழுப்பும் திணறலும் இல்லாமல் இறங்கியது. வந்த வழியைத் தீயணைப்பு வண்டிகளுக்காக அடைத்திருந்ததால் 140 கிலோமீட்டர் சுற்றிப் போக நேர்ந்தது. பெட்ரோல் போடாமலேயே அதையும் கடந்தோம். வழியில் இளைப்பாற நின்றபோது காய்ந்த புல்லைத் தவிர்த்துத் தாரின் மேலேயே நிறுத்தினோம், ஏனென்றால் இந்த வண்டியில் எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எஞ்சினுக்கு அடியில் தாழ்வாக இருக்கிறது. அதன் சூடு ஒன்றே புல்லைப் பற்றவைக்கப் போதும். ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியில் படிந்த சாம்பலைக் கையுறையால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவியதால் கீறல் விழவில்லை. மூக்கில் கட்டியிருந்த துணி மட்டும் பயன்படவில்லை: 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய புகைத்துகளைத் துணியால் தடுக்க முடியாது. மூன்று நாள் இருமலுக்குப் பிறகு என்95 முகக்கவசங்கள் இரண்டு என் டேங்க் பையில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டன.

இனிக் குறைக்கு வருகிறேன். ஏர் ஃபில்டரை 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்றும், தூசி மிகுந்த இடங்களில் ஓட்டினால் அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும் என்றும் கையேடு சொல்கிறது. திறந்து பார்ப்பதற்கு முதலில் இருக்கை, பிறகு இரண்டு பக்கப் பலகைகள், டேங்கின் போல்ட்டுகள், பெட்ரோல் குழாயின் இணைப்பு, அதன் பின் ஃபில்டர் பெட்டி மூடியின் ஏழு திருகுகள் என்று வரிசையாகக் கழற்ற வேண்டும். பழகிய கைக்கே ஒன்றரை மணி நேரம் ஆகிறது. சென்ற முறை அந்தக் குழாய் இணைப்பின் பிளாஸ்டிக் பூட்டு என் விரலிலேயே உடைந்தது. அடிக்கடி பாருங்கள் என்று எழுதிய நிறுவனமே அடிக்கடி பார்க்க முடியாதபடி அதை அமைத்திருப்பது எனக்கு உண்மையாகவே கோபமூட்டுகிறது.

இந்த எஞ்சினின் நல்ல குணமும் இங்கே எனக்கு எதிராகத்தான் திரும்பியது. சென்சார் இல்லாமலே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால், ஃபில்டர் அடைக்க அடைக்கக் கலவையில் பெட்ரோல் கூடிப் புகையும் திணறலுமாகக் காட்டிக்கொடுக்கும். இதில் சென்சார்கள் உள்ளே வரும் காற்றின் அளவுக்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடுவதால், முழு வேகத்தில் சற்று மந்தம் தட்டுவதைத் தவிர வேறு அறிகுறியே தெரியவில்லை. இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். திறந்தபோது காகித மடிப்புகளுக்கிடையே சாம்பல் ஈரம் கோத்துக் களிம்பாகியிருந்தது. நியாயமாகச் சொன்னால், அந்த ஃபில்டர் ஏற்கெனவே 9,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. எல்லாப் பழியையும் புகையின் மேல் போட முடியாது. ஆயினும் பக்கவாட்டில் ஒரு சிறு மூடி இருந்திருந்தால் வீடு திரும்பிய அன்று மாலையே பார்த்திருப்பேன்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நான்கு ஆண்டுகளில் இந்த வண்டி என்னை எங்கும் நிறுத்திவிட்டுப் போனதில்லை, அந்த மலையிலிருந்து என்னைப் பத்திரமாக இறக்கியதும் இதுதான் என்பதெல்லாம் தெரிந்தே சொல்கிறேன். புதிய ஃபில்டரைப் போட்டு டேங்கை மீண்டும் பூட்டியபோது ஒரு திருகு மிச்சமானது. அது எங்கே சேர வேண்டியது என்று பார்க்க நாளை எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.