தூக்க ஆள் இருப்பவர்களுக்கான அலுமினியப் பெட்டி

அலுவலகச் செலவில் பிசினஸ் வகுப்பில் பறக்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், அலுமினியக் கேபின் பெட்டி வாங்கலாமா என்று கேட்டார். என்னுடையது போன வாரம்தான் சக்கரம் மாற்றித் திரும்பியது. அதற்குக் கொடுத்த காசில் ஒரு சாதாரணப் பெட்டியே வாங்கியிருக்கலாம். அந்த எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

என் வழக்கு எடையைப் பற்றியது. வெறும் பெட்டியே நான்கு கிலோவுக்கு மேல். நம் உள்நாட்டு விமானங்களில் எகானமி பயணிக்குக் கைப்பெட்டி வரம்பு பொதுவாக 7 கிலோ. பாதிக்கு மேல் அலுமினியமே தின்றுவிடுகிறது. மிச்சத்தில் மடிக்கணினி, மாற்றுத்துணி, மருந்து. ஒவ்வொரு முறையும் தராசு முன்னால் புத்தகத்தைத் தியாகம் செய்கிறேன். பிசினஸ் வகுப்பில் வரம்பும் அதிகம், பெட்டியை நிறுத்துப் பார்ப்பவரும் அரிது. விடுதி வாசலில் இறங்கினால் வாங்கிக்கொள்ள ஒருவர் ஓடி வருகிறார்.

பணக்காரப் பெட்டிகளின் வரலாறே இதுதான். 1858இல் பாரிஸ் பெட்டித் தயாரிப்பாளர் லூயி வுய்ட்டன் தட்டை மூடி வைத்துச் செய்த பெட்டிகளைச் சுமந்தவர்கள் கூலியாட்கள். சக்கரம் வைத்த பெட்டிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்ததோ 1972இல்! தோள் வேறொருவருடையதாக இருக்கும்வரை யாருக்கும் அவசரமில்லை போலும்.

அலுமினியத்துக்கு இந்த மவுசைத் தேடித் தந்தது ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெட்டி நிறுவனமான ரிமோவா. அதன் 80 சதவீதப் பங்கை 2016இல் எல்விஎம்எச் என்ற ஆடம்பரப் பொருள் குழுமம் 64 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தமிட்டது. என்னுடையது அதுவல்ல, அதே பாணியில் வேறொன்று.

குறை மட்டும் சொன்னால் பாவம். இதில் ஜிப் கிடையாது. இரண்டு தாழ்கள், 'டக்' என்று விழும். அடைமழையிலும் உள்ளே ஈரம் புகுந்ததில்லை. முதல் நெளிவு விழுந்தபோது வயிறு எரிந்தது. இன்று மூலைக்கு மூலை நெளிவு, நடுவில் ஒட்டுவில்லைகள். புதிதாக இருந்ததைவிட இப்போதுதான் மிடுக்காக இருக்கிறது. காத்திருப்புக் கூடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஓரக்கண்ணால் அதைப் பார்க்கும்போது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனாலும் நண்பரே, வாங்காதீர்கள். நான்கில் ஒரு பங்கு விலையில், ஒரு கிலோ குறைவாக, நல்ல பாலிகார்பனேட் (உறுதியான பிளாஸ்டிக்) பெட்டி கிடைக்கிறது. மனம் கேட்காமல் அலுமினியம்தான் என்றால் வெள்ளி நிறத்தையே எடுங்கள். கறுப்பில் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும்.