பளபளப்புக்குக் கொடுத்த பைசா: பழைய .22 ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

லைசன்ஸைக் கையில் வைத்துக்கொண்டு பழைய வெளிநாட்டு ரிவால்வர் தேடுகிற ஆட்கள் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருப்பார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். போன வாரம் கருங்கலில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்தவர், என்னையும் மச்சானையும் ஏமாற்றிய அதே ஆயுதக் கடையைச் சொல்லி, "அங்க சாதனம் கொள்ளாமா அண்ணே?" என்று கேட்டார், நல்ல சரக்கா என்று. எனக்கு அதற்குப் பிறகு பாயசம் இறங்கவில்லை. கடைப் பெயரை இங்கே எழுத மாட்டேன், வழக்கு நடக்கிறது. கடை நம்ம மாவட்டத்திலும் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் கொஞ்சம் ரப்பர் உண்டு. அப்பாவிடம் ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. லைசன்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, ஆயுதத்தை 25 வருஷம் வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு லைசன்ஸ் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகளில் இடம் இருக்கிறது. அப்படித்தான் அது என் பெயருக்கு வந்தது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஒரு ஆள் மூன்று வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். ஆக எனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த இடத்தில் ஒரு ஓட்டைச் சாதனத்தை வாங்கிப் போட்டுவிட்டால், அதை ஒழுங்காக எழுதிக் கழிக்காமல் வேறு வாங்க முடியாது. பைசா போவது ஒரு பக்கம், இடமும் அடைபட்டுப் போகும்.

ரிவால்வர் எதற்கு என்று கேட்டால், விடியக்காலம் இருட்டில் ரப்பர் பால் வெட்டு நடக்கிற இடத்துக்குத் தனியாகப் போகிறேன், ஷீட்டு விற்ற பைசாவோடு வருகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதினதெல்லாம் பொய்யில்லை. ஆனால் உண்மையான காரணம் ஆசை. தக்கலையில் இருக்கிற என் மச்சானுக்கும் அதே ஆசை. இருபது வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு வந்தவர், அவருக்கும் லைசன்ஸ் கிடைத்திருந்தது. 2024 ஜனவரியில் ரெண்டு பேருமாகக் கிளம்பிப் போனோம்.

கடைக்காரர் உள்ளே இருந்து ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியை எடுத்துவந்து திறந்தார். ஒரு மூலையில் துணி கிழிந்திருந்தது, அதைக்கூட நான் பார்த்தேன். பார்க்க வேண்டியதைத்தான் பார்க்கவில்லை. உள்ளே அச்சு வார்த்தது போல இரண்டு .22 ரிவால்வர், சின்னத் தோட்டா போடுகிற வகை. கருநீல மினுக்கம், மரப் பிடி, தோட்டாவை அடிக்கிற சுத்தியலான ஹேமர் வளைந்த கொம்பு மாதிரி. 'கௌபாய் துப்பாக்கி' என்று நாம் சொல்கிற வகை. 1873-ல் கோல்ட் கம்பெனி கொண்டுவந்த உருவத்தைப் பார்த்து ஜெர்மனியில் செய்தது.

இந்த வகைக்கு 'சிங்கிள் ஆக்ஷன்' என்று பெயர். டிரிகர் செய்வது ஒரே வேலை, நிமிர்ந்து நிற்கிற ஹேமரை விடுவிப்பது. ஒவ்வொரு தடவையும் பெருவிரலால் ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்த வேண்டும், அப்போது தோட்டா இருக்கிற உருளை, அதாவது சிலிண்டர், ஓர் அறை சுழன்று பூட்டிக்கொள்ளும். தோட்டா போடுவதும் வலப்பக்கச் சின்னக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக, வெறும் கூட்டைத் தள்ளி எடுப்பதும் ஒவ்வொன்றாக. இழுக்கும்போது கிளிக், கிளிக் என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தில் விழுந்தோம். கடைக்காரர் எங்களுக்குக் காட்டுவதற்காக வெறும் துப்பாக்கியை இருபது தடவையாவது இழுத்து இழுத்துத் தட்டியிருப்பார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர் சொன்னது நாலு விஷயம். 85-ல் செய்தது. உடம்பு முழுக்க ஸ்டீல். அதிகம் சுடாத சாதனம். "ஆறு தோட்டாவும் போட்டுத் தைரியமா இடுப்புல வைக்கலாம் சார்." நாலும் பொய்.

ஒன்றுக்கு 2,35,000 ரூபாய். விலை ஏன் இப்படி என்றால், பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களில் நின்றுபோனது. அதற்கு முன் வந்ததுதான் கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது, தங்கம் மாதிரி விலை ஏறுகிறது. கான்பூரில் நம்ம அரசுத் தொழிற்சாலை செய்த 'நிர்பீக்' என்கிற .32 ரிவால்வர் 2014-ல் புத்தம்புதிதாக வந்தபோது விலை 1,22,360 ரூபாய். எங்களுக்கு அது பிடிக்கவில்லை. ஜெர்மன் வேண்டும்.

பில்லின் அடியில் 'நேரில் பரிசோதித்துத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருந்தது. ரெண்டு பேரும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்க்கிற ஆர்மரர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் அவர் 'பட்டாளம்'. பெருமையைக் காட்டத்தான் அவரிடம் கொண்டுபோனோம். வாங்கினவர் முதலில் கதவைத் திறந்து ஆறு அறையும் காலி என்று பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் எழுந்துபோய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். சிலிண்டரில் வைத்தார், ஒட்டியது. உடம்பில் வைத்தார், மாதா வழுக்கி மடியில் விழுந்தார்.

"ஸ்டீலுன்னு எவன்டே சொன்னான்? இது நாகக் கலவை வார்ப்பு."

நாகம் என்றால் துத்தநாகம். வார்த்தெடுத்த அந்த உடம்போடு மலிவு விலை .22-கள் வெளிநாடுகளில் நிறையவே வருகின்றன. அது மோசடி இல்லை, அங்கே அதை அந்த விலைக்கு, அந்தப் பெயர் சொல்லித்தான் விற்கிறார்கள். இங்கே ஸ்டீல் என்று சொல்லி ஸ்டீல் விலை வாங்கினதுதான் மோசடி.

அடுத்து லென்ஸை எடுத்தார். குழலின் அடியில் குட்டிக் குட்டி முத்திரைகள். மான்கொம்பு இருந்தால் ஜெர்மனியில் உல்ம் நகரத் துப்பாக்கிச் சோதனைச் சாலை. பக்கத்தில் இரண்டு எழுத்து, ஜி, ஈ. அதுதான் வருஷம் என்றார். ஏ என்றால் 0, பி என்றால் 1, இப்படியே போகும், ஜே மட்டும் கிடையாது. ஜி 6, ஈ 4. எங்கள் '85 மாடல்' 1964-ல் பிறந்தது. நான் பிறப்பதற்கு ஏழு வருஷம் முன்னால்!

வயசு ஒரு குற்றம் இல்லை. ஆனால் மினுக்கம் எங்கிருந்து வந்தது? எழுத்துகளின் ஓரம் மழுங்கி, கூராக இருக்க வேண்டிய விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி உருண்டு கிடந்தது. துருவை பஃபிங் சக்கரத்தில் தேய்த்து எடுத்துவிட்டு மேலே புதிதாகக் கறுப்பு ஏற்றியிருக்கிறார்கள். சிலிண்டரின் அறைக்குள் டார்ச் அடித்தால் உள்ளே அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அங்கே சக்கரம் நுழையாதே.

மச்சானுடையதை எடுத்து, ஹேமரை முழுசாக இழுத்து நிறுத்தி, டிரிகரைத் தொடாமல், பெருவிரலால் ஹேமரை முன்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினார். சடக்கென்று விழுந்தது. யாரோ டிரிகர் மெத்தென்று இருக்கட்டும் என்று உள்ளே உள்ள பிடிப்பல்லை அரத்தால் ராவியிருக்கிறார்கள். தோட்டா போட்டு இழுத்து நிறுத்தி, கை லேசாக இடறினால் போதும். மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கடையில் "டிரிகர் வெண்ணெ மாதிரி இருக்கு" என்று புகழ்ந்தது அவர்தான்.

என்னுடையதில் வேறு சீக்கு. ஹேமர் முழுசாக நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டவில்லை, விரலால் தொட்டால் இன்னும் கொஞ்சம் சுழன்று அப்புறம்தான் 'டிக்' என்றது. அதாவது சுடுகிற நேரத்தில் அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லை.

"ரெண்டு பேருக்கும் கண்ணு பொடதியிலயா இருந்துது?" என்றார் பட்டாளம். எங்களிடம் பதில் இல்லை.

கடைக்காரர் வெறும் துப்பாக்கியைத் தட்டித் தட்டிக் காட்டினதில் என்ன தப்பு என்பதையும் அவர்தான் விளக்கினார். .22 தோட்டாவுக்குத் தீமருந்து விளிம்பில் இருக்கிறது, ஹேமரின் ஊசி விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லாமல் தட்டினால் ஊசி நேரே அறையின் வாய்ப்புறத்தில் மோதும். நாளடைவில் அங்கே பள்ளம் விழும். பிறகு தோட்டா உள்ளே போகாது, போனால் வெளியே வராது, அடித்தாலும் வெடிக்காது. தொழில் தெரிந்தவர் .22-ஐ அப்படித் தட்ட மாட்டார்.

ஆறும் போட்டு இடுப்பில் வைக்கலாம் என்றதுதான் எல்லாவற்றிலும் பெரிய அநியாயம். இந்தப் பழைய அமைப்பில் ஹேமர் படுத்திருக்கும்போது அதன் ஊசி தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து ஹேமரில் அடிபட்டால் வெடிக்கும். அதனால்தான் ஆறு அறையில் ஐந்து மட்டும் நிரப்பி, ஹேமருக்கு நேரே காலி அறையை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அமெரிக்காவில் ரூகர் கம்பெனி 1973-ல் இடையில் ஒரு தடுப்புப் பட்டை வைத்த பிறகுதான், அந்த மாதிரித் துப்பாக்கிகளில் ஆறும் போடலாம் என்று ஆனது. 1964 சாதனத்தைக் காட்டி ஆறும் போடச் சொன்னவரை என்ன செய்வது? ஆஸ்பத்திரிக்குப் போகிற அறிவுரையைக் கூடவே இனாமாகக் கொடுத்திருக்கிறார்.

மச்சானுடையதைத் தோட்டா பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று பட்டாளம் சொல்லிவிட்டார். என்னுடையதை அடுத்த மாவட்டத்து ரைபிள் கிளப்பில், முறைப்படி அனுமதி வாங்கி, ஆறு தடவை மட்டும் பார்த்தோம். சொந்தத் தோப்புதானே என்று அங்கே சுட்டுப் பார்க்கக் கிளம்பாதீர்கள், அது தனி வழக்காகிவிடும். ஆறில் இரண்டு வெடிக்கவில்லை. ஒரு கூடு உள்ளே சிக்கி, பிறகு குச்சி வைத்துத் தட்டி எடுத்தோம். வெடித்த ஒவ்வொரு தடவையும் ஈயத் துகள் பக்கவாட்டில் தெறித்தது, தள்ளி நின்ற பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டான். அதோடு நிறுத்தச் சொன்னார்கள்.

இதுவரைக்கும் பைசா நஷ்டம். 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தலை அறிவித்தார்கள். நமக்கு ஏப்ரல் 19, விளவங்கோடு இடைத்தேர்தலும் அன்றைக்கே. வழக்கம்போல லைசன்ஸ்காரர்கள் எல்லாரும் ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ரெட்டைக்குழலை அப்பா காலத்தில் இருந்தே கொடுத்து வாங்கிப் பழக்கம், அஞ்சு நிமிஷ வேலை. ரைட்டர் புதுசை எடுத்து லைசன்ஸோடு நம்பரை ஒத்துப் பார்த்தார். செல்போன் டார்ச்சை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"சார், இது மூணா, எட்டா?"

பஃபிங் சக்கரம் கடைசி எண்ணைப் பாதி தின்றிருந்தது. பில்லில் எட்டு, லைசன்ஸில் எட்டு. துப்பாக்கியில் எனக்கே மூன்று மாதிரித்தான் தெரிந்தது. ரைட்டர் மரியாதையான மனுஷன், உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். ஆனால் பதிவேட்டில் 'எண் தெளிவாக இல்லை' என்று எழுதினார்.

அதன் அர்த்தம் அன்று ராத்திரி ஒரு வக்கீல் சொல்லித்தான் புரிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தில் 8-வது பிரிவு. அடையாள எண் அழிக்கப்பட்ட, மாற்றப்பட்ட துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அதைச் செய்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. தேய்த்தவன் எவனோ, நிரூபிக்க வேண்டியவன் நான்! மூன்று மாதம் ராத்திரித் தூக்கம் சரியில்லை.

கடைக்குப் போன் போட்டால், "திருப்தின்னு சைன் போட்டிருக்கீங்களே சார்." முன்பு வைத்திருந்தவருடைய லைசன்ஸ் நகல் கேட்டேன். நாளைக்கு, அடுத்த வாரம், ஆடிட்டரிடம் இருக்கிறது. நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் நானே முந்திக்கொண்டு எழுத்தில் கொடுத்தேன், பில், போட்டோ எல்லாம் வைத்து. அங்கிருந்து முந்தைய லைசன்ஸ் இருந்த மாவட்டத்துக்கு எழுதிக் கேட்டார்கள். பதில் வந்தது: மூன்று. கடைக்காரரே தேய்ந்த எண்ணைத் தப்பாக வாசித்துப் பதிவேட்டில் எட்டு என்று போட்டிருக்கிறார். திருத்திக் கொடுத்தார்கள். நாம் போய்ச் சொன்னதால் சரியாகப் போயிற்று. அவர்களாகக் கண்டுபிடித்திருந்தால் இதையெல்லாம் நான் எங்கே இருந்து எழுதிக்கொண்டிருப்பேனோ.

பைசாவுக்கு நானும் மச்சானும் தனித்தனியாக நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 2019 சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அந்தத் 'திருப்தி' வரி எங்களுக்கு எதிராக எவ்வளவு தூரம் நிற்கும் என்பதில்தான் இப்போது வாதம்.

வாங்கியே தீருவேன் என்கிறவர்கள் ஆர்மரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வண்டிக்கூலி, சாப்பாடு, கைமடக்கு எல்லாம் சேர்த்தாலும் எங்கள் நஷ்டத்தில் தூசு. ஒரு காந்தம், ஒரு லென்ஸ், ஒரு டார்ச் பையில் இருக்கட்டும். எண்ணை நீங்களே வாசித்து, முந்தையவர் லைசன்ஸ் நகலோடு ஒத்துப் பாருங்கள், நகல் இல்லை என்றால் முன்பணமே கொடுக்காதீர்கள். பில்லில் வருஷம், உடம்பு எந்த உலோகம் என்பதை அவர் கையால் எழுதச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் பஸ் ஏறிவிடுங்கள்.

எங்கள் ரெண்டு ரிவால்வரும் இப்போது வழக்குக்காக வேறொரு ஆயுதக் கடையில் ரசீதோடு வைப்பில் இருக்கின்றன. அதற்கும் மாசாமாசம் வாடகை.

நேற்று மச்சான் ஒரு படம் அனுப்பினார். அந்தக் கடைக்காரர் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வைத்தது. 'அபூர்வ ஜோடி, குறைவாகச் சுட்டது.' பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே சிவப்பு வெல்வெட், மூலையில் அதே கிழிசல்.