ஒரு கவர் ஒட்டறதுக்கு நாலு நடை: யுனிவர்சிட்டி ஆபீஸ் பத்தி என்ற ரிவியூ

மொதல்லயே ஸ்டாரைச் சொல்லிப்போடறனுங்க, அஞ்சுக்கு மூணரை. வெப்சைட்டுக்கும் லேண்ட்லைனுக்கும் தனியா போடச் சொன்னா அரை ஸ்டார்கூட வராது. அந்த மூணரையும் ஜன்னலோரமா இருக்கற ஒரே ஒரு சீட்டுக்குத்தான், ஏன்னு போகப் போகத் தெரியும், கொஞ்சம் நீளமாத்தான் போகும், டீ ஒண்ணு வச்சுக்கிட்டு படிங்க. எந்த யுனிவர்சிட்டின்னு மட்டும் கேக்காதீங்க, கொங்குப் பக்கம்தான், பேர் சொன்னா அந்த சீட்டு அக்காவுக்குத்தான் வம்பு.

விசயம் என்னன்னா, நான் எம்.எஸ்சி. முடிச்சது 2011ல. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில டாக்குமெண்டேஷன் பாக்கறேன், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின்னு நாள் முழுக்க பேப்பரோடதான் சோலி. இப்ப வீட்டுக்காரர் கனடாவுல போயி குடியேறறதுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரிங்கற பாயிண்ட்டு முறைல அப்ளிகேஷன் போடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறார். அதுல பொண்டாட்டி படிப்புக்கும் பாயிண்ட்டு உண்டு, மாஸ்டர் டிகிரின்னா 10. அந்தப் பத்துக்காகத்தான் இத்தனை அலைச்சலும். அந்த 10 பாயிண்ட்டு வேணும்னா டபிள்யூஈஎஸ் மாதிரி ஒரு ஏஜென்சி நம்ம டிகிரியை மதிப்பிட்டு ரிப்போர்ட் தரணும், அவங்களுக்கு நம்ம கையால அனுப்பற ஜெராக்ஸ் ஆகாது, யுனிவர்சிட்டியே மார்க் ஷீட் காப்பில கையெழுத்து சீல் போட்டு, அவங்க ஃபாரத்தையும் நிரப்பி, கவர்ல வச்சு ஒட்டி, ஒட்டின எடத்து மேலயும் சீல் குத்தி நேரா அனுப்பணும். கேக்கறதுக்கு லேசாத்தான் இருக்குது.

வெப்சைட் பத்தி ரெண்டே வரி. ஃபாரம் எங்க இருக்குதுன்னு தேடறதுக்கே ஒரு ராத்திரி போச்சு, கெடச்சது ஸ்கேன் பண்ணின பிடிஎஃப், அதுவும் கோணலா. பணம் கட்டறது ஸ்டேட் பேங்க்கோட எஸ்பிஐ கலெக்ட்ல, அது மட்டும் நல்லாவே வேலை செஞ்சுது, ரசீது நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்குங்க. போன் பண்ணினா அடிச்சுக்கிட்டே இருக்கும், ஒருநா எடுத்தாங்க, எடுத்து "இது அந்த செக்‌ஷன் இல்லைங்க"ன்னு வச்சுட்டாங்க. இப்பத்த புள்ளைகளுக்கு டிஜிலாக்கர்ல மார்க் ஷீட் வருது, படிப்பு கிரெடிட்டைச் சேத்து வைக்கற கணக்குக்கு ஏபிசி ஐடின்னு 12 இலக்கத்துல நம்பர் இருக்குது, அவங்களுக்கு இந்தக் கதையெல்லாம் பாட்டி கதை மாதிரி இருக்கும். என்ற பேட்ச்சு அதுல இல்ல, தேடிப் பாத்துட்டுதான் கெளம்பினேன்.

மொத நடை. விடிய எந்திரிச்சு அரிசிம்பருப்பு சாதம் கிண்டி டப்பால போட்டுக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனா, கேட்டுல செக்யூரிட்டி அண்ணன் "எங்கம்மிணி போகோணும்"னார், "சர்டிஃபிகேட்டுக்குங்ணா"ன்னேன், "அப்ப அகாடமிக் செக்‌ஷன்"னு மாடிக்கு கை காட்டினார். அங்க போயி முக்கா மணி நேரம் வரிசைல நின்னு ஜன்னல்கிட்ட போனா, தப்பான எடம். இதை யாரும் சொல்லித் தர்றதில்ல, அதனால நான் சொல்றேன். அகாடமிக் செக்‌ஷன்ங்கறது வேற, தேர்வாணையர் ஆபீஸ், அதான் சிஓஇ ஆபீஸ்னு எல்லாரும் சொல்றது வேற. பாடத்திட்டம், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் மீட்டிங், அகாடமிக் கவுன்சில் அஜெண்டா, வேற யுனிவர்சிட்டில இருந்து வர்றவங்களுக்கு எலிஜிபிலிட்டி, இந்த டிகிரி அந்த டிகிரிக்கு சமம்னு ஈக்விவலன்ஸ், இதெல்லாம் அகாடமிக். மார்க்கு, எல்லா செமஸ்டர் மார்க்கும் சேத்துத் தர்ற டிரான்ஸ்கிரிப்ட், டிகிரி, கம்பெனிக்காரன் அனுப்பற வெரிஃபிகேஷன் எல்லாம் சிஓஇ. ரெண்டுக்கும் பில்டிங்கே வேற.

ஆனா அந்த முக்கா மணி நேரம் சும்மா போகல. முன்னால நின்ன தம்பி கவர்மெண்ட் வேலை எழுதி பாஸ் பண்ணி சர்டிஃபிகேட் சரிபார்ப்புல மாட்டிக்கிட்டவர். அவர் படிச்ச டிகிரி பேருக்கும் நோட்டிஃபிகேஷன்ல கேட்ட டிகிரி பேருக்கும் ஒரு வார்த்தை வித்தியாசம், சமம்னு அரசாணை இருந்தாத்தான் ஒத்துக்குவாங்க. அவருக்கு கவுண்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டரையே பாக்காம, மேஜை டிராயரைத் திறந்து ஒரு பழைய ஃபைல்ல இருந்து அந்த ஜிஓ காப்பியை உருவிக் குடுத்தான். நெட்ல ரெண்டு வாரமா தேடினாராம் அந்தத் தம்பி. அப்ப நெனச்சேன், இந்த ஆபீஸ் வெப்சைட்டுல இல்ல, டிராயருக்குள்ளதான் இருக்குதுன்னு.

எங்க பெரியப்பாகிட்ட இதைச் சொன்னதுக்கு சிரிச்சார். அவர் கோயமுத்தூர் காலேஜ்லயேதான் படிச்சவர், ஆனா பாரதியார் யுனிவர்சிட்டி வந்தது 1982ல, சேலத்துக்கு பெரியார் யுனிவர்சிட்டி 1997ல, அதுக்கு முன்னாடி எல்லாம் மெட்ராஸ் யுனிவர்சிட்டி கைல. டிகிரி தொலைஞ்சு டூப்ளிகேட்டுக்கு சேப்பாக்கத்துக்கே ரயிலேறினாராம், "உனக்கு ரெண்டு பஸ்ஸோட போச்சுல்ல"ங்கறார். சரிதான்.

சிஓஇ ஆபீஸ்ல அன்னைக்கு "டப்பால்ல குடுத்துட்டுப் போங்க"ன்னு தாட்டி விட்டாங்க. டப்பால்னா தபால் வாங்கற சீட்டு. இங்க ஒரு விசயம் கெட்டியா புடிச்சுக்குங்க, மனுவைக் குடுத்துட்டு சும்மா வந்துராதீங்க, நம்ம காப்பில ரப்பர் ஸ்டாம்ப் குத்தி இன்வர்டு நம்பர் எழுதித் தரச் சொல்லோணும். நான் கேக்கறப்ப அந்த அண்ணன் "எல்லாம் வந்துருங்கம்மா"ன்னு லேசா மொறைச்சார், நான் நகரல, எழுதிக் குடுத்தார். அந்த நம்பர் இல்லாம அடுத்த நடை போனா உங்க பேப்பர் அந்த பில்டிங்ல எங்க இருக்குதுன்னு சாமியாலகூட சொல்ல முடியாது.

ரெண்டாவது நடை வெட்டி. பட்டமளிப்பு விழா நேரம், ஆபீஸ் முழுக்க டிகிரி சர்டிஃபிகேட் கட்டு கட்டா டேபிள் மேல, சேர் மேல, தரைல பேப்பர் விரிச்சு அது மேல. கவர்னர் வர்றாராம், செக்‌ஷன் ஆபீசர் ஹால்ல சேர் எண்ணப் போயிட்டார். யாரும் பேசற நெலமைலயே இல்ல. இது அவங்க தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா "பட்டமளிப்பு முடியற வரைக்கும் டிரான்ஸ்கிரிப்ட் வேலை இல்ல"ன்னு வெப்சைட்டுல ஒரு வரி போட்டா எனக்கு ஒரு நாள் லீவு மிச்சம். ஒரே ஒரு வரி. அன்னைக்கு கடுப்புல ஆர்டிஐ போட்டு என்ன ஆச்சுன்னு கேட்டுரலாம்னுகூட நெனச்சேன், 10 ரூவாதான் ஃபீஸ், 30 நாள்ல பதில் சொல்லியாகோணும். வீட்டுக்காரர்தான் வேண்டாம்னார், நம்ம ஃபைல் அவங்க கைலதான இருக்குதுங்கற பயம் அவருக்கு.

மூணாவது நடைலதான் அந்த அக்காவைப் பாத்தேன். நீலக்கலர் காட்டன் சேலை, கண்ணாடி மூக்கு நுனில, முன்னால ஒரு ஸ்பாஞ்ச் டப்பா. இன்வர்டு நம்பரைக் காட்டினதும் ரெண்டு நிமிசத்துல கட்டைப் பிரிச்சு என் ஃபைலை எடுத்துட்டாங்க. எல்லாம் ரெடி, சூப்பிரண்டு கையெழுத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி, நான் மனசுக்குள்ள சத்தியமங்கலம் பண்ணாரி அம்மனுக்கு நன்றி சொல்லிட்டு இருக்கேன். அக்கா மட்டும் நகராம கம்ப்யூட்டர் பிரிண்ட்டையும் நான் குடுத்த மார்க் ஷீட் ஜெராக்ஸையும் பக்கத்துல பக்கத்துல வச்சு விரல் வச்சு வரி வரியா வந்தாங்க. வந்து ரெண்டாவது செமஸ்டர்ல நின்னாங்க.

"ஏங்கண்ணு, இந்த பேப்பர்ல அரியர் வச்சிருந்தியா?"

பதினாலு வருசம் கழிச்சு, பின்னால பத்துப் பேர் வரிசைல நிக்கறப்ப, அந்தக் கேள்வி. ஆமாங்க்கா, ஒண்ணே ஒண்ணு, அடுத்த நவம்பர்லயே எழுதி முடிச்சுட்டேன்னு மெதுவா சொன்னேன். "அதான பாத்தேன்"னாங்க. கம்ப்யூட்டர்ல என் பேப்பர் இன்னும் ஆர்ஏன்னுதான் நின்னுட்டு இருக்குது, ரீஅப்பியர்னு அர்த்தம், அதாவது ஃபெயில். பழைய ரிஜிஸ்டரை கம்ப்யூட்டர்ல ஏத்தினப்ப மொத தடவை எழுதின மார்க்கை ஏத்திட்டு, நவம்பர்ல பாஸானதை ஏத்தாம விட்டிருக்காங்க. என் கைல இருக்கற மார்க் ஷீட்ல பாஸ், யுனிவர்சிட்டி அனுப்பற பேப்பர்ல ஃபெயில். இது அப்படியே டொராண்டோல இருக்கற டபிள்யூஈஎஸ்ஸுக்குப் போயிருந்தா டிகிரியே முடிக்காதவள்னு ஆயிருக்கும், இல்லீன்னா போலி மார்க் ஷீட்டுன்னு ஆயிருக்கும், எது மோசம்னு எனக்கே தெரியல.

எங்க தொழில்ல இதோட அருமை தெரியும். எல்சில, அதான் சரக்கு வாங்கறவனோட பேங்க் பணத்துக்கு உத்தரவாதமா குடுக்கற லெட்டர் ஆஃப் கிரெடிட்ல, போட்டிருக்கற மாதிரி இன்வாய்ஸ்ல ஒரு எழுத்து இல்லைன்னா பேங்க்ல டிஸ்கிரிபன்சி, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னு சொல்லி பேப்பரைத் திருப்பிப்போடுவான், கன்டெய்னர் அக்கட்டால கடல்ல போயிட்டு இருக்கும், பணம் இக்கட்டால நிக்கும். அதனாலயே எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சதை இன்னொருத்தர் படிக்காம வெளிய விடமாட்டோம். இங்க அப்படி ஒரு முறை இருக்குதான்னு கேட்டேன், அக்கா சிரிச்சாங்க, "முறையெல்லாம் இல்ல கண்ணு, எனக்குப் பழகிப்போச்சு".

பொறவு ரெக்கார்டு ரூமுக்குப் போனாங்க, அரை மணி நேரம் கழிச்சு நெஞ்சோட அணைச்சு ஒரு டேபுலேஷன் ரிஜிஸ்டரை, அதான் எல்லாரோட மார்க்கும் பதிஞ்சு வச்சிருக்கற பெரிய நோட்டை, தூக்கிட்டு வந்தாங்க, சின்னக் கொழந்தை வெயிட்டு இருக்கும். முதுகுல துணி ஒட்டி, ஓரமெல்லாம் கரையான் ருசி பாத்த ரிஜிஸ்டர். ஸ்பாஞ்ச்ல விரலை நனைச்சு நனைச்சுப் புரட்டி, என் ரிஜிஸ்டர் நம்பர்ல ஸ்கேலை வச்சாங்க. முதல்ல 28, அதுக்குப் பக்கத்துல செவப்பு மைல நவம்பர் 2010, 61, சின்னதா ஒரு இனிஷியல். அந்த இனிஷியல் போட்டவர் ரிட்டயர்டு ஆகி எத்தனையோ வருசமாச்சாம், அவர் கையெழுத்தைப் பாத்ததும் அக்கா அவர் பேரைச் சொல்லி "சார் எழுத்துதான்"னாங்க. அந்தப் பக்கத்தைக் காப்பி எடுத்து, கம்ப்யூட்டர்ல திருத்தறதுக்கு நோட்டு எழுதி ஃபைல் போட்டாங்க. அஞ்சு நிமிசத் திருத்தம், ஆனா அசிஸ்டன்ட், செக்‌ஷன் ஆபீசர், டெபுடின்னு மூணு கையெழுத்து வேணும். அது சரியான முறைதான், மார்க்கைத் திருத்தறது யாரு வேணா பண்ற வேலையா இருக்கக் கூடாது.

வாய் சும்மா இல்லாம "எத்தனை வருசமாங்க்கா இங்க"ன்னு கேட்டேன். பதினெட்டு வருசமாம், இன்னும் தொகுப்பூதியம்தானாம். பக்கத்து சீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார், அக்கா பேச்சை மாத்தி "சாப்பிட்டியா"ன்னாங்க.

நாலாவது நடை பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. புது பிரிண்ட்டுல பாஸ்னு வந்திருந்துது. அடுத்த சிக்கல் பேர்ல வரும்னு நெனச்சேன், மார்க் ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரு, வெள்ளைக்காரனுக்கு இனிஷியல்னா என்னன்னு எப்படி வெளக்கறதுன்னு, அதுக்கும் அக்காவே ரெண்டும் ஒரே ஆள்தான்னு கவரிங் லெட்டர்ல ஒரு வரி சேத்துட்டாங்க. என் கண்ணு முன்னாலயே கவரை ஒட்டி, ஒட்டின எடத்துல மூணு சீல் குத்தி, மை காயறதுக்கு ஊதி ஊதி வச்சாங்க. நான் தொட்டுப் பாக்கக் கைய நீட்டினேன், "நீ தொடக்கூடாது கண்ணு, நேரா போஸ்ட்டுக்குத்தான் போகோணும்"னு இழுத்துக்கிட்டாங்க. மூணு வாரத்துல டபிள்யூஈஎஸ் கணக்குல பேப்பர் வந்து சேந்துச்சுன்னு காட்டுச்சு.

கொறைகள்னா, உக்கார பெஞ்சு ஒண்ணே ஒண்ணு, அதுலயும் ஒரு காலு ஆடுது. லேடீஸ் டாய்லெட் சாவி யார்கிட்ட இருக்குதுன்னு ஒவ்வொருதடவையும் விசாரிக்கோணும். ஜெராக்ஸ் எடுக்க கேட்டுக்கு வெளிய ரோட்டைத் தாண்டிப் போகோணும், அதனால ரெண்டு செட்டா எடுத்துட்டுப் போங்க, ஆதார் காப்பியோட. ஒரு மணிக்கு மேல ரெண்டே கால் வரைக்கும் யாரையும் எதிர்பாக்காதீங்க, கேன்டீன்ல தேங்கா பன் நல்லாருக்கும், டீ தண்ணி. லஞ்சம்னு யாரும் ஒரு பைசா கேக்கல, அதையும் சொல்லிடறேன். நான் கடைசி நாள் ஒரு முழம் மல்லிகை வாங்கிட்டுப் போனேன், அதை மட்டும் வாங்கிக்கிட்டாங்க.

அப்டேட்: இதை எழுதி வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் என்ற சித்தி பொண்ணு இதே வேலைக்குப் போனா, ஜன்னலோர சீட்டு அக்காவைப் போயிப் பாருன்னு சொல்லி அனுப்பினேன். அக்காவை ஹாஸ்டல் செக்‌ஷனுக்கு மாத்திட்டாங்களாம். சீட்டுல புதுசா ஒரு பையன். ஸ்டாரைக் கொறைச்சுரலாம்னுதான் இருந்தேன், ஆனா இவ சொல்றா, இவ பேட்ச்சு ரிஜிஸ்டர் எந்த அலமாரில இருக்குதுன்னு தெரியாம அந்தப் பையன் தன்னோட செல்லுல இருந்தே அக்காவுக்கு போன் போட்டானாம், ஸ்பீக்கர்ல அக்கா "மூணாவது பீரோ, கீழ்த்தட்டு, மொதல்ல கரையான் இருக்குதான்னு தட்டிப் பாத்து எடு சாமி"ன்னாங்களாம். மூணரை அப்படியே இருக்கட்டும்.