மூன்று அளவு படிகளைக் காதால் கேட்க ஒரு நல்ல கருவி

ஸ்கேல் ஒர்க்‌ஷாப் பிரவுசரிலேயே ஓடும், இலவசம்; நாமே ஒரு ஸ்கேலை (சுர வரிசையை) அமைத்து வாசித்துப் பார்க்கலாம். வரிக்கு ஒரு விகிதமாக (முதல் சுரத்தின் அதிர்வெண்ணைப் போல எத்தனை மடங்கு என்று) 9/8, 5/4, 4/3, 3/2, 5/3, 15/8, 2/1 என்று அடித்துவிட்டால் போதும், கணினி விசைப்பலகையிலேயே வாசிக்கலாம்.

இந்த ஸ்கேலின் படிகள், அதாவது அடுத்தடுத்த சுரங்களுக்கு இடையிலான தூரங்கள், மூன்றே அளவுதான்: சுமார் 204, 182, 112 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்). பெரிசு, நடு, சிறிசு, பெரிசு, நடு, பெரிசு, சிறிசு என்று வரும். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு சுரத்திலிருந்தும் மற்றச் சுரங்களுக்கு உள்ள தூரத்தைக் காட்டும் இடைவெளி அட்டவணை. இரண்டு படி தாண்டினாலும் சரி, மூன்று தாண்டினாலும் சரி, எங்கிருந்து தொடங்கினாலும் மூன்று அளவுக்கு மேல் வராது என்பது அங்கே பளிச்சென்று தெரிகிறது. இரண்டாம் சுரத்திலிருந்து ஆறாவதற்கு மட்டும் பஞ்சமம் 702 சென்டுக்குப் பதில் 680 சென்ட்; சேர்த்து அழுத்திப் பாருங்கள், அந்த அதிர்வு உடனே காதில் உறைக்கும்.

அப்புறம் இன்னொன்று, இந்தப் படிகளின் வரிசையைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டால் எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் பழைய ஸ்கேல் கிடைக்காது, வேறொன்றுதான் வரும். இரண்டே அளவுப் படிகளைச் சீராகப் பரப்பிய நம் வழக்கமான மேஜர் ஸ்கேலில் இது நடக்காது. இரண்டையும் அடித்து மாற்றி மாற்றிக் கேட்க இதைவிடச் சுலபமான வழி நான் பார்த்ததில்லை.