அப்பாவின் ஜனதா வாட்ச்சும் ஜாலான் புசார் ரிப்பேர் கடையும்

அப்பாவின் ஹெச்எம்டி ஜனதா போன மாசியில் நின்றுவிட்டது. பேட்டரி கிடையாது, சாவி கொடுத்து ஓட்டுகிற வாட்ச். காலையில் காபி குடித்த கையோடு சாவி கொடுப்பார். அவர் காலமான பிறகு சிங்கப்பூருக்கு எடுத்து வந்து, அதே நேரத்தில் நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் காட்டினேன். பின்மூடியைக்கூடத் திறக்காமல், இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிதாக வாங்கிவிடலாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மனது ஆறவில்லை.

கூட வேலை பார்க்கும் வங்காளதேசத் தம்பிதான் இந்தக் கடையைச் சொன்னார். ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம், ஒரு பழைய வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளம். பெயர்ப் பலகை இல்லை. ஒரு கண்ணாடி மேசை, ஒரு மஞ்சள் விளக்கு, சுவரில் ஏழெட்டுக் கடிகாரம். எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுவதைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. கடைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர். ஆங்கிலம் கொஞ்சம், மலாய் தாராளம். எனக்கும் கப்பல் பட்டறையில் பழகிய மலாய் உண்டு, அதில் பேசிக்கொண்டோம்.

கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு மூடியைத் திறந்தவர், உள்ளே பார்த்ததும் "சிட்டிசன்" என்றார். ஆச்சரியப்பட்டுப்போனேன். ஹெச்எம்டி 1961இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியதே ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்துதான். மேலே இருந்த பெயரைப் பார்க்காமல் இயந்திரத்தை வைத்தே வம்சத்தைச் சொல்லிவிட்டார். அப்புறம் லென்ஸைக் கழற்றி என்னிடமே கொடுத்தார். தலைமுடி போன்ற சுருள்கம்பி, அதைச் சுமக்கும் குட்டிச் சக்கரம், அச்சு தேயாமல் சுழல்வதற்காகப் பதித்த சிவப்புக் கற்கள். மொத்தம் 17 கல். பழைய எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கையில் கட்டியும் உள்ளே இப்படி ஒரு ஊர் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

85 சிங்கப்பூர் வெள்ளி, மூன்று வாரம் என்றார். ஐந்து வாரம் ஆனது. ஆனால் கையில் வாங்கிக் காதில் வைத்தபோது, அந்த வேகமான டிக்டிக் அப்படியே ஊரில் கேட்ட சத்தம்.

கிளம்பும்போது "ஜாகா பாய்க்-பாய்க்" என்றார். பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். வீடு வரும்வரை அந்தச் சொல் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. மலாயில் ஜாகா என்றால் காவல் காப்பது, விழித்திருப்பதும் அதுதான். அந்தக் காலத்தில் இங்கே வங்கி, கிடங்கு வாசல்களில் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவல் இருந்த சீக்கியர்களை ஜாகா என்றே கூப்பிட்டார்கள். நாம் சொல்கிற ஜாக்கிரதையும் அதே சமஸ்கிருத வேரில் வந்தது. ஆங்கிலத்தில் வாட்ச், விழிப்பதைச் சொல்லும் வேக் (wake) இரண்டும் கூடப்பிறந்தவை. விழித்திருப்பதும் காவல் காப்பதும்தான் வாட்ச்சின் பழைய பொருள், கைக்கடிகாரத்துக்கு அந்தப் பெயர் வந்தது ரொம்பப் பிறகு. கப்பலில் வாட்ச் என்றால் நான்கு மணி நேரக் காவல் முறை. பழைய வழக்கப்படி அரை மணிக்கு ஒன்றாகக் கூட்டி மணி அடிப்பார்கள், எட்டு அடித்தால் ஆள் மாறும். தமிழில் விழி என்றால் கண், விழி என்றால் தூக்கத்திலிருந்து எழு!

நான் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். வேலை தொடங்குமுன் பாதுகாப்பு பற்றிப் பேசும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பத்து முறையாவது இந்தச் சொல் வாயில் வரும். வாட்ச் யுவர் ஸ்டெப், வாட்ச் யுவர் ஹெட், வாட்ச் அவுட். அறந்தாங்கியிலிருந்து வந்த தம்பி ஒருவர் முதல் வாரம், "வாட்ச் யுவர் ஹெட்" என்று நான் கத்தியதும் மணிக்கட்டைப் பார்த்தார். ஹெல்மெட் குழாயில் மோதியது. நல்லவேளை, காயமில்லை. அன்றிலிருந்து நம் ஆட்களுக்கு "தலை பத்திரம்" என்றுதான் சொல்கிறேன். வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைப்பானோடு நிற்பவரை ஃபயர் வாட்ச்மேன் என்போம். வெல்டர் போன பிறகும் அவர் நகரக் கூடாது, பொறி எங்காவது ஒளிந்து கனன்றுகொண்டிருக்கும். சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. இப்போது அவர்களிடம், நெருப்புக்குக் கண்விழிக்கிற ஆள் நீதான் என்கிறேன். உடனே புரிகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். ரசீது தரமாட்டார், தேதி எழுதிய சின்ன அட்டைதான். அதைத் தொலைத்துவிடாதீர்கள். பேநவ் (கைப்பேசியில் பணம் அனுப்புவது) கிடையாது, ரொக்கம் மட்டும். சொன்ன நாளில் கிடைக்கும் என்று நம்பி ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். பேட்டரி மாற்ற மட்டும் என்றால் வேறு கடையே போதும். தாத்தா, அப்பா கட்டிய சாவி வாட்ச் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் இவரிடம் கொண்டுபோங்கள்.

என்னுடையது நாளுக்கு அரை நிமிடம் முந்துகிறது. அப்படித்தான் இருக்கும், ஒரு மாதம் ஓட்டிவிட்டு எடுத்து வா என்று அவரே சொல்லியிருந்தார். வருகிற சனிக்கிழமை போகிறேன். மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் கடை திறப்பதில்லை.